டெல்டாவிலிருந்து குவாரி கணவாய்க்கு: பனிக்கால மலைநடைக்கு முழுமையான வழிகாட்டி

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து முதல்முறை இமயமலைப் பனியில் நடக்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டது உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில் ஜோஷிமட்டுக்கு மேலே இருக்கும் குவாரி கணவாய். 12,000 அடியைத் தாண்டிய உயரம், குளிர்காலத்திலும் ஏறக்கூடிய பாதை, மேலே போனால் 7,816 மீட்டர் நந்தா தேவியும் 7,066 மீட்டர் துரோணகிரியும் நேராகத் தெரியும். வேறு பனிக் கணவாய்க்குப் போனாலும் இங்கே சொல்லும் வரிசை பெரும்பாலும் பொருந்தும்.

நம் ஊர் ஆட்கள் குளிரை நினைத்துப் பயந்துகொண்டே வருகிறார்கள். ஆனால் பாதியில் திரும்புகிறவர்களைக் கவனித்துப் பார்த்தால் அவர்களை வீழ்த்தியது பெரும்பாலும் ஈரம்தான்: வியர்வையில் நனைந்த பனியன், பனி புகுந்த ஷூ, ராத்திரி காயாத சாக்ஸ். கீழே சொல்வதில் பாதிக்கு மேல் உடம்பைக் காய்ந்த நிலையில் வைத்துக்கொள்வதைப் பற்றியது.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

டிசம்பர் பின்பாதியில் பனி இருக்கும், ஆழம் குறைவாக இருக்கும். ஜனவரியிலும் பிப்ரவரியிலும் பனி கனத்துக் கிடக்கும், குளிரும் கடுமை, கணவாய் வரை போக முடியாமல் திரும்பும் குழுக்கள் அப்போது சகஜம். மார்ச்சில் பகல் நீளம், ராத்திரிக் குளிர் கொஞ்சம் தணியும், தரையில் பனி இருந்துகொண்டே இருக்கும்.

முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது மார்ச் முதல் பாதி. பொங்கல் விடுமுறையை ஒட்டி ஜனவரி நடுவில் கிளம்புவதுதான் நம் பக்கத்துப் பழக்கம், லீவு கிடைக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது. வயல் வைத்திருக்கிற குடும்பமாக இருந்தால் தை மாதம் சம்பா அறுவடை வேறு தலைமேல் நிற்கும். அறுப்பு முடித்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டு நிம்மதியாகப் போகலாம்.

2. பயிற்சியை மழைக்கு முன்பே தொடங்குங்கள்

சமவெளிக்காரர்களுக்கு மூச்சைவிட முக்கியமான பிரச்சினை தொடை. நாம் நாள் முழுக்க நடந்தாலும் மேடு ஏறுவதில்லை, அதைவிட முக்கியமாகப் பள்ளம் இறங்குவதே இல்லை. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்க வேண்டும், அந்த வேலைக்கு அது பழகியிருக்காது. கணவாயைத் தொட்டுவிட்டுத் திரும்பும் வழியில் முட்டி நடுங்கி உட்கார்ந்துவிடுகிறவர்கள் இதனால்தான் உட்காருகிறார்கள்.

ஜனவரியில் போவதானால் ஆவணியிலேயே ஆரம்பித்துவிடுங்கள். ஐப்பசியும் கார்த்திகையும் வடகிழக்குப் பருவமழை, வாரக்கணக்கில் வெளியே நடக்க முடியாமல் போகும், அக்டோபரில் தொடங்குகிற பயிற்சி தீபாவளியோடு நின்றுவிடும்.

முதல் மாதம் வெறும் வேக நடை. கொள்ளிடக் கரையோ கல்லணைக் கால்வாய்க் கரையோ எது பக்கமோ அது. 5 கிலோமீட்டரை நிற்காமல் 45 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும், அப்புறம் மெதுவாக ஓட்டமும் நடையுமாக அதைக் குறைத்துக்கொண்டு வாருங்கள். தண்ணீர் வற்றிய காவிரி மணலில் நடக்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள், காலை வாங்கி வாங்கி வைப்பதும் கணுக்கால் வேலை செய்வதும் இளம்பனியில் நடப்பதற்கு மிக அருகில் வருவது அதுதான்.

இரண்டாம் மாதத்திலிருந்து படி. சுவாமிமலைக்கு 60 படிதான், ஆனால் திரும்பத் திரும்ப ஏறி இறங்கினால் அதுவே போதுமான தொடக்கம். திருச்சி உச்சிப்பிள்ளையார் கோயிலுக்கு நானூற்றுச் சொச்சம் படி, காலை நேரத்தில் கூட்டம் இல்லாதபோது இரண்டு முறை ஏறி இறங்கலாம். மழை நாட்களில் நாலு மாடிக் கட்டிடத்தின் மாடிப்படி. லிஃப்டில் இறங்கிவிடாதீர்கள், இறக்கம்தான் நமக்கு வேண்டிய பாதி.

மூன்றாம் மாதம் முதுகில் பையை மாட்டி அதில் 7, 8 கிலோ அரிசியைப் போட்டுக்கொண்டு இதையே செய்யுங்கள். கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பு ஒருமுறை கொல்லிமலை போய் ஆகாய கங்கைப் படியில் இறங்கி ஏறிவிட்டு வாருங்கள். முதலில் இறக்கம், களைத்த பிறகு ஏற்றம் என்று வருவதால் உங்கள் கால் எந்த நிலையில் இருக்கிறது என்று அன்றைக்கே தெரிந்துவிடும். கடைசி ஒரு வாரம் கடும் பயிற்சி வேண்டாம்.

3. மருத்துவரைப் பாருங்கள், முன்பணம் கட்டுவதற்கு முன்

மலைக்குக் கூட்டிப் போகிறவர்களிடம் பணம் கட்டிவிட்டு டாக்டரிடம் போனால் அவர் வேண்டாம் என்று சொன்னாலும் மனது கேட்காது. அதனால்தான் இந்த வரிசை. ரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின் மூன்றும் பார்க்க வேண்டும். ஏற்கெனவே ரத்தசோகை இருக்கிறவருக்கு, காற்றழுத்தம் ஊரில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்த இடத்தில் சிரமம் இரட்டிப்பாகும்.

உயரத்தில் காற்று குறைவதால் வரும் உயர நோயைத் தடுக்க அசிட்டசோலமைடு என்ற மாத்திரை உண்டு, டயாமாக்ஸ் என்று கடையில் கேட்பார்கள். வேண்டுமா, எத்தனை மில்லிகிராம், எப்போது தொடங்குவது என்பதை மருத்துவரே சொல்லட்டும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர் அதை மறக்காமல் அவரிடம் சொல்ல வேண்டும். இன்சுலின் போடுகிறவர்கள் அதை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும், உறைந்துபோன இன்சுலின் பயன்படாது. குளுக்கோமீட்டரும் கடும் குளிரில் தவறாகக் காட்டலாம்.

4. சாமான்: எதை வாங்குவது, எதை வாடகைக்கு எடுப்பது

ஷூவை மட்டும் வாடகைக்கு எடுக்காதீர்கள். மற்ற எல்லாவற்றையும் ரிஷிகேஷிலோ ஜோஷிமட்டிலோ எடுத்துக்கொள்ளலாம், அல்லது கூட்டிப் போகிறவர்களே தருவார்கள்.

கணுக்காலை மூடும், தண்ணீர் புகாத மலைநடை ஷூ வேண்டும். சென்னைக்கோ கோவைக்கோ போய்ப் போட்டுப் பார்த்து வாங்குங்கள், இணையத்தில் வாங்காதீர்கள். செருப்பிலேயே வளர்ந்த நம் பாதம் முன்பக்கம் அகலமாக இருக்கும், ஊரில் போடுகிற அளவில் வாங்கினால் விரல்கள் இடித்துக்கொண்டு நிற்கும். மாலையில், பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில், கனமான கம்பளி சாக்ஸ் போட்டுக்கொண்டு பாருங்கள். உள்ளே விரல்களை ஆட்ட இடம் வேண்டும். இறுக்கமான ஷூவில் ரத்தம் ஓடாது, ரத்தம் ஓடாத விரல்தான் முதலில் உறையும். வாங்கியதும் மூன்று வாரமாவது போட்டு நடந்து பழக்குங்கள். வெயிலில் கால் வேகத்தான் செய்யும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உடை விஷயத்தில் பருத்தியை அடியோடு விட வேண்டும். பனியன், ஜட்டி, டிஷர்ட், ஜீன்ஸ், வீட்டில் பத்திரமாக எடுத்து வைத்த லுங்கி, எதுவும் வேண்டாம். பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு விடவே விடாது, நம் ஊர் வெயிலுக்கு அது சுகம், உறைநிலைக்குக் கீழே அதுவே ஆபத்து. உடம்பை ஒட்டி தெர்மல் எனப்படும் குளிர் உள்ளாடை, அதன் மேல் ஃபிளீஸ் எனப்படும் பஞ்சுபோன்ற செயற்கை இழைச் சட்டை, நின்றால் போட ஒரு டவுன் ஜாக்கெட் (பறவையின் மென்தூவி அடைத்தது), எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் தண்ணீரும் புகாத மெல்லிய ஜாக்கெட். ஒரே ஒரு தடித்த ஜாக்கெட்டோடு வருகிறவரால் அதைக் கழற்றவும் முடியாது, போட்டுக்கொண்டு ஏறவும் முடியாது. அடுக்காகப் போடச் சொல்வது இதற்குத்தான்.

தெர்மல் இரண்டு ஜோடி. ஒன்று நடக்க, மற்றது தூங்க மட்டும். தூங்குகிற ஜோடியை எந்தக் காரணத்துக்காகவும் நடக்கப் போடக் கூடாது. பிளாஸ்டிக் பையில் கட்டிப் பையின் அடியில் வையுங்கள்.

கையுறை இரண்டு அடுக்கு, உள்ளே மெல்லியது, வெளியே தண்ணீர் புகாதது. கழுத்தையும் காதையும் மூடும் குல்லா. ஷூவுக்கும் கால்சட்டைக்கும் நடுவில் பனி நுழையாமல் கட்டும் கெய்ட்டர். வழுக்காமல் இருக்க ஷூவுக்கு அடியில் மாட்டும் முள் வைத்த மைக்ரோஸ்பைக்ஸ், பனியில் புதையாமல் இருக்க நுனிப் பக்கம் வட்டமான கூடை பொருத்திய இரண்டு மலைநடைக் கம்புகள், நெற்றி விளக்கு.

வெயில் கண்ணாடி விஷயத்தில் சமரசமே வேண்டாம். புதுப் பனி, மேல் விழும் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். கண்ணாடி இல்லாமல் ஒரு பகல் நடந்தால் ராத்திரி கண்ணில் மணல் கொட்டியதுபோல் எரியும், மறுநாள் கண்ணைத் திறக்க முடியாது. பக்கவாட்டும் மூடியிருக்கும், முழு புற ஊதாத் தடுப்புள்ள கண்ணாடி வாங்குங்கள். சன்ஸ்கிரீனை மூக்கின் அடிப்புறத்திலும் தடவ வேண்டும், வெளிச்சம் கீழேயிருந்தும் வருகிறது.

தின்பண்டத்தில் கடலை மிட்டாய், எள்ளுருண்டை, பேரீச்சை, முந்திரி எல்லாம் அருமை. பொருவிளங்காய் உருண்டையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், ஊரிலேயே பல்லைச் சோதிக்கும் பண்டம் அது. புளியோதரை ரயிலுக்குச் சரி, மலைக்கு வேண்டாம். பருப்புப் பொடி ஒரு டப்பா கொண்டுபோனால் நாலாம் நாள் அதன் அருமை தெரியும்.

5. தனியாகப் போகாதீர்கள்

பாதை பனிக்கு அடியில் போய்விடும். கோடையில் தெளிவாகத் தெரிகிற ஒற்றையடிப் பாதை ஜனவரியில் ஒரு வெள்ளைச் சரிவு மட்டும்தான், கைப்பேசி வரைபடம் காட்டும் கோடு பாதுகாப்பான கோடாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. உள்ளூர் வழிகாட்டி கட்டாயம்.

யாரோடு போகிறீர்களோ அவர்களிடம் கிளம்பும் முன் கேட்க வேண்டியவை சில. ஆக்சிஜன் சிலிண்டர் முகாமில் இருக்குமா, ஒருவருக்கு முடியாமல் போனால் அவரோடு கீழே இறங்க ஆள் உண்டா, ஸ்லீப்பிங் பேக் எத்தனை டிகிரி வரை தாங்கும், வனத்துறை அனுமதி யார் எடுப்பது. மைனஸ் 10 டிகிரியிலாவது வசதியாகத் தூங்கக்கூடிய பை வேண்டும். கூடாரம் எங்கே போடுவார்கள் என்றும் கேளுங்கள், புக்யால் எனப்படும் மலைப் புல்வெளிகளில் இரவு தங்க உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் 2018இல் தடை விதித்தது. பதில் மழுப்பலாக வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

காப்பீடு எடுத்தால் எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும் என்ற வரியைப் படித்துவிட்டு எடுங்கள்.

6. போகும் வழி

சோழனிலோ உழவனிலோ மன்னையிலோ சென்னை எழும்பூர், அங்கிருந்து சென்ட்ரல் போய் டெல்லி வண்டி, டெல்லியிலிருந்து ஹரித்வார் அல்லது ரிஷிகேஷ். ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட் சுமார் 250 கிலோமீட்டர், தேவப்பிரயாகை, ருத்ரப்பிரயாகை, கர்ணப்பிரயாகை, நந்தப்பிரயாகை வழியாக ஒரு முழுப் பகல் ஆகும். விடியற்காலையில் கிளம்புங்கள், இருட்டிய பிறகு அந்தச் சாலையில் இருக்கக் கூடாது. வளைவில் குமட்டுகிறவர்கள் வாந்தி மாத்திரையைக் கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள், வாந்தி வந்த பிறகு போட்டால் தங்காது.

போகும்போதும் வரும்போதும் ஒவ்வொரு நாள் உபரியாக வையுங்கள். பனிப்பொழிவில் சாலை அடைபட்டால் திரும்பும் ரயிலை நினைத்து அவசரப்பட வேண்டிவரும், மலையில் அவசரம்தான் ஆளைத் தவறான முடிவுக்குத் தள்ளுகிறது.

7. ஏறும் வரிசை

ஜோஷிமட் சுமார் 6,000 அடி. கும்பகோணத்துக்காரர் ஒருவர் ஏறக்குறைய கடல்மட்டத்திலிருந்து நேராக அங்கே வந்து இறங்குகிறார். முடிந்தால் இங்கே இரண்டு ராத்திரி தங்குங்கள், நடுவில் ஒரு பகல் ஊருக்கு மேலே இருக்கும் அவ்லி பக்கம் ஏறி நடந்துவிட்டுக் கீழே வந்து தூங்குங்கள். பகலில் உயரப் போய், ராத்திரி கீழே தூங்கினால் உடம்பு சீக்கிரம் பழகும். பத்ரிநாத் யாத்திரைக்கு வந்திருக்கிற வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் நரசிம்மர் கோயில் இங்கேதான் இருக்கிறது, அந்த நாளில் பார்த்துவிடலாம்.

பிறகு தாக் அல்லது துகாசி கிராமத்திலிருந்து நடை. முதல் முகாம் குல்லிங் பக்கம், அடுத்தது காட்டுக்குள் குல்லாரா, மறுநாள் கணவாய். எந்த மலையானாலும் 10,000 அடிக்கு மேல் போனதும், தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். இரண்டு முகாமை ஒரே நாளில் தாண்டிவிடலாம் என்று கால் பலமுள்ள இளைஞர்கள்தான் சொல்வார்கள், தலைவலியில் படுப்பதும் பெரும்பாலும் அவர்கள்தான். கால் பலத்துக்கும் உயரம் ஒத்துக்கொள்வதற்கும் சம்பந்தம் இல்லை.

8. உயர நோயை மறைக்காதீர்கள்

தலைவலியோடு குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை, அசதி இவற்றில் ஒன்று சேர்ந்தால் அது உயர நோய்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு மேலே ஏறக் கூடாது. ஓய்வெடுத்தும் கூடிக்கொண்டே போனால் இறங்க வேண்டும்.

நம் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு, கூட வந்தவர்களுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று ஒன்றும் சொல்லாமல் இருப்பது. தயவுசெய்து இங்கே அது வேண்டாம். ஒருவர் பேச்சில் தடுமாறினாலோ, குதிகாலை மறுகாலின் விரலோடு ஒட்டி வைத்து நேர்க்கோட்டில் நடக்கச் சொன்னால் தள்ளாடினாலோ, மூளையில் நீர் கோக்கிறது என்று பொருள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கி இருமினால் நுரையீரலில். இரண்டுக்கும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது, ராத்திரியானாலும் ஆக்சிஜனோடு கீழே கொண்டுபோக வேண்டும்.

தூக்க மாத்திரையும் மதுவும் கூடவே கூடாது, தூக்கத்தில் மூச்சை மந்தமாக்கும். தண்ணீர் நாளைக்கு மூன்று, நான்கு லிட்டர். குளிரில் தாகம் எடுக்காது, தாகத்துக்குக் காத்திருந்தால் குடிக்கவே மாட்டீர்கள்.

9. முகாமுக்கு வந்ததும் முதல் பதினைந்து நிமிடம்

புதியவர்கள் மிகவும் தடுமாறும் இடம் இது. வந்து சேர்ந்த களைப்பில், வெயில் இன்னும் இருக்கிறது என்று உட்கார்ந்து டீ குடித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். வெயில் மலைக்குப் பின்னால் போன அடுத்த நிமிடம் வியர்வை ஈரம் முதுகில் ஜில்லென்று ஏறும், அப்புறம் ஜாக்கெட்டுக்கு மேல் ஜாக்கெட் போட்டாலும் நடுக்கம் நிற்காது.

வந்ததும் ஈரமான மேல் உடையைக் கழற்றிக் காய்ந்ததைப் போடுங்கள். அடுத்து சாக்ஸ். அதன் பிறகு டவுன் ஜாக்கெட், குல்லா. இதெல்லாம் முடிந்து டீ.

ஈர சாக்ஸை நெருப்பருகே காட்டாதீர்கள், கருகும். பிழிந்துவிட்டு உள்சட்டைக்கும் ஃபிளீஸுக்கும் நடுவில் வயிற்றுப் பக்கம் வைத்துக்கொண்டால் உடம்புச் சூட்டிலேயே காயும். ஷூவின் நாடாவை நன்றாகத் தளர்த்தி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கூடாரத்துக்குள் வையுங்கள், வெளியே விட்டால் காலையில் கல்லாகிக் கால் நுழையாது.

படுக்கும் முன் தண்ணீர் பாட்டிலில் கொதிநீர் ஊற்றி, மூடியை இறுக்கி, ஒரு சாக்ஸுக்குள் போட்டு ஸ்லீப்பிங் பேக்கின் கால் பக்கம் வையுங்கள். பாதம் சூடாக இருக்கும், காலையில் குடிக்க உறையாத தண்ணீரும் இருக்கும். கைப்பேசி, பேட்டரி, தண்ணீர் வடிகட்டி மூன்றும் பைக்குள் உங்களோடு தூங்கட்டும். வடிகட்டி ஒருமுறை உறைந்தால் உள்ளே இருக்கும் நுண்குழாய்கள் வெடித்துவிடும், வெளியே பார்த்தால் தெரியாது.

தலையை ஸ்லீப்பிங் பேக்குக்குள் இழுத்துக்கொண்டு மூச்சு விடாதீர்கள், மூச்சின் ஈரம் பஞ்சில் இறங்கிவிடும். மூக்கும் வாயும் வெளியே. கூடாரத்தின் காற்றுத் துவாரத்தையும் அடைக்கக் கூடாது. கூடாரத்துக்குள் அடுப்போ கரியோ எந்தக் குளிரிலும் வேண்டாம், கார்பன் மோனாக்சைடு மணம் இல்லாமல் கொல்லும். ராத்திரி சிறுநீர் வந்தால் அடக்காமல் எழுந்து போய்விட்டு வாருங்கள், அடக்கினால் தூக்கமும் வராது.

10. கணவாய் நாள்

முதல் நாள் மாலையே வானிலையைக் கேளுங்கள். வங்கக்கடல் தாழ்வுநிலையை நாம் எப்படிக் கூர்ந்து பார்க்கிறோமோ அப்படி அங்கே மேற்கிலிருந்து வரும் காற்றழுத்தச் சலனத்தைப் பார்ப்பார்கள், குளிர்காலப் பனியைக் கொண்டுவருவது அதுதான். வானிலை ஆய்வு மையத்தின் டேராடூன் பிரிவு முன்னறிவிப்பு தரும், பனிச்சரிவு எச்சரிக்கையைச் சண்டிகரில் இருக்கும் பாதுகாப்புத் துறை ஆய்வு நிறுவனமான டி.ஜி.ஆர்.இ வெளியிடும். கனத்த பனி விழுந்தால் அடுத்த ஒன்றிரண்டு நாள் 30 முதல் 45 டிகிரிச் சரிவுகளுக்கு அடியில் போகவே கூடாது. வழிகாட்டி இன்றைக்கு வேண்டாம் என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

விடியும் முன் கிளம்ப வேண்டும். ராத்திரி இறுகிய பனி காலையில் தரைபோல் தாங்கும், வெயில் ஏறினால் இளகி, வைக்கிற காலெல்லாம் முட்டிவரை இறங்கும்.

கிளம்பும்போது கொஞ்சம் குளிர வேண்டும். நன்றாகக் கதகதப்பாகக் கிளம்பினீர்கள் என்றால் பத்து நிமிடத்தில் வியர்க்கப்போகிறது என்று பொருள், டவுன் ஜாக்கெட்டை அப்போதே பைக்குள் போடுங்கள். நின்றால் முதலில் ஜாக்கெட், அப்புறம் தண்ணீர். இதை மாற்றிச் செய்வதால்தான் ஓய்வு எடுக்கிற ஒவ்வொரு முறையும் ஆட்கள் விறைத்துப் போகிறார்கள்.

முன்னே போகிறவர் வைத்த குழியிலேயே காலை வையுங்கள். ஏறும்போது ஷூ முனையால் பனியை உதைத்துப் படி செய்துகொண்டு, முழுப் பாதமும் ஊன்றிய பிறகே எடையை மாற்றுங்கள். பாறை, புதர், மரத்தடியை ஒட்டிப் போகாதீர்கள், அதைச் சுற்றிப் பனிக்கு அடியில் பொந்து இருக்கும். கெட்டியான பனியும் கண்ணாடிபோன்ற ஐஸும் வந்தால் வழுக்கிய பிறகு மாட்டலாம் என்று காத்திராமல் மைக்ரோஸ்பைக்ஸை முன்பே மாட்டுங்கள். சரிவில் வழுக்கிவிட்டால் உடனே குப்புறப் புரண்டு, கையையும் ஷூ முனையையும் பனியில் அழுத்தி உடம்பைத் தூக்குங்கள், மல்லாந்தபடியே போனால் வேகம் கூடிக்கொண்டே போகும்.

திரும்பும் நேரத்தைக் கிளம்பும் முன்பே குழுவாகப் பேசி வைத்துக்கொள்ளுங்கள், நண்பகல் 12 மணி என்று வையுங்கள். கணவாய் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தாலும் 12 ஆனால் திரும்ப வேண்டும். மேலே இருந்துகொண்டு அந்த முடிவை எடுப்பது மிகக் கடினம்.

11. இறக்கமும் ஊர் திரும்பியதும்

முந்தின ராத்திரியே கால் நகங்களை ஒட்ட வெட்டிவிடுங்கள். இறங்கும்போது ஷூ நாடாவைக் கணுக்காலில் இறுக்கிக் கட்டினால் விரல் முன்னே போய் இடிக்காது. முட்டியைக் கொஞ்சம் மடக்கி, குதிகாலை முதலில் பனியில் ஊன்றி இறங்குங்கள், கம்புகளைச் சற்று நீட்டிக்கொள்ளுங்கள். பயத்தில் பின்னால் சாய்ந்தால்தான் வழுக்கும்.

ஊருக்கு வந்ததும் சாமானைக் கட்டுக் கட்டாக அலமாரியில் திணித்துவிடாதீர்கள். நம் பக்கத்து ஈரக் காற்றில் ஒரு மழைக்காலத்துக்குள் டவுன் ஜாக்கெட் பூசணம் பிடித்து நாறும். ஷூவின் உள்தட்டை வெளியே எடுத்து நிழலில் காய வையுங்கள், உச்சி வெயிலில் வைத்தால் பசை விட்டுப்போகும். டவுன் ஜாக்கெட்டை மின்விசிறிக்கு அடியில் இரண்டு நாள் விரித்துப் போட்டு, பஞ்சுக் கட்டிகளைக் கையால் உதிர்த்துவிட்டு, அமுக்காமல் தளர்வாக ஒரு துணிப் பையில் தொங்கவிடுங்கள்.